பழைய கணினிக்கு எஸ்எஸ்டி பூட்டலாமா? பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கணினி மந்தமாகிவிட்டது என்று திருத்தும் கடைக்குக் கொண்டுபோனால், வவுனியாவாக இருந்தாலும் கிளிநொச்சியாக இருந்தாலும், எஸ்எஸ்டி பூட்டிவிடுங்கள் என்ற ஆலோசனையே பெரும்பாலும் முதலில் கிடைக்கும். எஸ்எஸ்டி என்பது, சுழலும் வன்தட்டுக்கு (ஹார்ட் டிஸ்க்) பதிலாகத் தரவைச் சிப்புகளில் சேமிக்கும் பாகம். அந்த ஆலோசனை பல தடவைகளில் சரியானதுதான். ஆனால் மந்தத்துக்குக் காரணம் வன்தட்டுத்தானா என்பதை வீட்டிலிருந்தே சில நிமிடங்களில் அறிந்துகொள்ளலாம். கணினியைத் திறந்து, வழமையாகப் பாவிக்கும் இரண்டு மூன்று செயலிகளை இயக்கிவிட்டு, கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் தோன்றும். அதில் டிஸ்க் என்ற நிரல் நீண்ட நேரம் 100 சதவீதத்திலேயே நிற்க, சிபியு (கணினியின் செயலகம்) ஓய்வாக இருக்குமானால் குற்றவாளி வன்தட்டே. மாறாக மெமரி நிரல் எந்நேரமும் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால், 4 ஜிபி ரேமை (தற்காலிக நினைவகத்தை) 8 ஜிபி ஆக்குவதையே முதலில் யோசிக்க வேண்டும். இணையப் பக்கங்கள் மட்டும் தாமதமாகத் திறக்கின்றன என்பது உங்கள் முறைப்பாடாயின், அது சமிக்ஞையின் குறையாகவே பெரும்பாலும் இருக்கும். எஸ்எஸ்டியால் அதற்கு எதுவும் செய்ய முடியாது.

மடிக்கணினிகளில் உள்ள வன்தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கிறது. ஒவ்வொரு கோப்பையும் எடுக்க அதன் வாசிப்புத் தலை உரிய இடத்துக்கு நகர வேண்டியிருப்பதால், தேடலொன்றுக்குப் பத்து மில்லிசெக்கனுக்கும் மேல் செலவாகிறது. எஸ்எஸ்டியில் அசையும் பாகம் இல்லை. அதே தேடல் ஒரு மில்லிசெக்கனின் பத்திலொரு பங்கு அளவிலேயே முடிந்துவிடுகிறது. பெரிய காணொளியொன்றைப் பிரதி செய்யும்போது வன்தட்டு செக்கனுக்கு 100 எம்பி அளவும் சாட்டா வகை (வன்தட்டின் அதே இணைப்பில் பூட்டும்) எஸ்எஸ்டி 500 எம்பி அளவும் தருகின்றன என்பதைத்தான் விற்பவர்கள் சொல்வார்கள். ஆனால் விண்டோஸ் திறக்கும்போது வாசிக்கப்படுபவை ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்பதால், நாம் உணரும் மாற்றம் அந்தத் தேடல் நேரத்திலிருந்தே வருகிறது.

வன்னியில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ உள்ள பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளில் மடிக்கணினியைக் கொண்டுசெல்லும் ஆசிரியர், கிறவல் வீதியின் குலுக்கலை ஒவ்வொரு நாளும் அதற்குக் கொடுக்கிறார். முழுமையாக நிறுத்தப்பட்ட வன்தட்டின் தலை தட்டை விட்டு ஒதுங்கியிருக்கும். மூடியை மட்டும் சாத்திவிட்டு, அது அடங்கும் முன்னரே பையில் போட்டுப் புறப்படுவதுதான் ஆபத்து. எஸ்எஸ்டியில் அந்தப் பயம் இல்லை.

மின்சாரத்தின் கதை வேறு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்றும் மழையோடு காற்று எழுந்தால் மின்சாரம் சொல்லாமல் போகும். சாதாரண பாவனைக்கான எஸ்எஸ்டிகள் பெரும்பாலானவற்றில், திடீர் மின்தடையின்போது எழுதிக்கொண்டிருப்பதை முடித்துவிட உதவும் மின்தேக்கிகள் இல்லை. எழுதும் நடுவே மின்சாரம் நின்றால் அந்தக் கோப்பு மட்டுமல்ல, எந்தத் தரவு எங்கே உள்ளது என்று எஸ்எஸ்டி வைத்திருக்கும் உள்ளகப் பட்டியலும் குழம்பக்கூடும். ஆகவே மேசைக் கணினி வைத்திருப்பவரிடம் யூபிஎஸ் (மின்தடையின்போது சிறிது நேரம் மின்சாரம் தரும் கருவி) இல்லாவிட்டால், அல்லது மடிக்கணினியின் மின்கலம் செத்து அது சுவர் மின்சாரத்தில் மட்டுமே இயங்குமானால், கையிலுள்ள பணத்தை முதலில் யூபிஎஸ்ஸுக்கோ புதிய மின்கலத்துக்கோ செலவிடுவதே நல்லது என்பேன்.

ஆயினும் எடைபோட வேண்டியவற்றுள் மிகப் பாரமானது தரவின் பாதுகாப்பு. வன்தட்டு பழுதாகும் முன் பல தடவை கிடுக்கிடுக்கென்று ஒலியெழுப்பியோ, கோப்புகளைத் திறக்கத் தயங்கியோ ஏதாவதொரு அறிகுறி காட்டும். எஸ்எஸ்டி நேற்றிரவு வேலை செய்து இன்று காலை கணினியின் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அழித்த கோப்புகளின் இடத்தை ட்ரிம் என்ற செயற்பாடு துப்புரவாக்கிவிடுவதால், தவறுதலாக அழித்தவற்றை மீட்பதும் கடினம். 2009 வரையான இடப்பெயர்வுகளில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்பப் படங்கள் ஆகியவற்றை இழந்து, எஞ்சியவற்றையோ உறவினரிடமிருந்து பெற்ற பிரதிகளையோ ஸ்கான் செய்து கணினியில் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவற்றின் ஒரே பிரதி எஸ்எஸ்டியில் இருக்கக் கூடாது. எஸ்எஸ்டியை மின்சாரமின்றி அலுமாரியில் நீண்ட காலம் வைத்திருப்பதும் பொருத்தமல்ல: எழுதும் ஆயுள் முடியும் தறுவாயிலுள்ள சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸில் ஓராண்டுக்குத் தரவைக் காக்க வேண்டும் என்பதே தொழிற்றுறை நியமம். நம்மூர் வெக்கையில் அந்தக் காலம் குறையும்.

எழுதி எழுதித் தேய்ந்துபோகும் என்ற அச்சமோ மிகைப்படுத்தப்பட்டது. மலிவான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 80 டெராபைட் வரை எழுதுவதற்கு உத்தரவாதப்படுத்தப்பட்டிருந்தால், நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அதை எட்டப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். இரவு பகலாக எழுதும் சிசிடிவிப் பதிவுகளுக்கும், திருமணக் காணொளிகளைக் குவித்து வைக்கும் ஸ்டூடியோக்களின் களஞ்சியத்துக்கும் மட்டும் வன்தட்டே இன்னும் சிக்கனமானது.

வாங்குவதென்று முடிவெடுத்தால், உங்கள் கணினி எதை ஏற்கும் என்பதை மாதிரி இலக்கத்தைக் கொண்டு முன்கூட்டியே பாருங்கள். பழைய மடிக்கணினிகள் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா வகையையே ஏற்கும். எம்.2 எனப்படும், சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான பொருத்துமிடம் இருந்தாலும், அது சாட்டாவுக்கு மட்டும் உரியதாயின் என்விஎம்இ எனும் வேகமான வகை அதில் இயங்காது. இன்னொன்று: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு (வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்) 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலகங்களில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் ஆதரிப்பதில்லை. அத்தகைய கணினிக்குச் சிறிய 240 ஜிபி போதும், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸை முயன்று பார்க்கலாம். அதற்கு மேல் செலவழிப்பது வீண். நம்பமுடியாத மலிவு விலையில் 2 டெராபைட் என்று இணையத்தில் விற்கப்படுபவற்றைத் தொடவே வேண்டாம். அவற்றுட் பல கொள்ளளவைப் பொய்யாகக் காட்டுபவை. பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் தரும் கடையில் வாங்குங்கள்.

பூட்டுவதற்கு முன் முக்கிய கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதி செய்யுங்கள். இருப்பதை அப்படியே மாற்ற குளோன்சில்லா என்ற இலவச மென்பொருள் உதவும், ஆனால் புதியது பழையதைவிடக் கொள்ளளவில் சிறிதாயின் அது வழமையான முறையில் ஏற்காது. அந்நிலையில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே சுலபம். கழற்றிய வன்தட்டைக் கடையில் விட்டுவிடாதீர்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் நிலை நீல நிறமாக இருந்தால், யூஎஸ்பி உறையொன்றில் போட்டு மேலதிகப் பிரதிகளுக்குப் பாவிக்கலாம். மஞ்சளோ சிவப்போ காட்டினால் உள்ளவற்றை உடனே வேறொன்றுக்கு மாற்ற வேண்டும். எவ்வாறாயினும், புதிய எஸ்எஸ்டியில் ஒவ்வொரு கோப்புறையையும் திறந்து பார்த்து, எதுவும் விடுபடவில்லை என்று உறுதியாகும் வரை பழையதை அழிக்க வேண்டாம்.