முதலெழுத்துப் பொறித்த பழைய போக்கர் சில்லுகள்: விற்பதற்கு முன் மதிப்பிடும் முறை

போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டக் காய்களே போக்கர் சில்லுகள். அவற்றின் பழைய பெட்டி ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் கேட்பது அதன் வயதைத்தான். வயது விலையில் ஒரு பங்கு வகிக்கிறது என்றாலும், அது சிறிய பங்கே. 1880களில் தொடங்கி அமெரிக்காவில் களிமண் கலவைச் சில்லுகள் ஏராளமாக வார்க்கப்பட்டுள்ளதால், நூறாண்டு கடந்த எளிய சில்லு மிகக் குறைந்த விலைக்கே போகிறது. அறுபது ஆண்டுகளே ஆன இன்னொன்றுக்குச் சேகரிப்பாளர்கள் போட்டியிடுகிறார்கள். மோனோகிராம், அதாவது பெயரின் முதலெழுத்துப் பொறிப்பு உள்ள சில்லில், அந்த எழுத்துகள் யாருக்குரியவை, அதை நீங்கள் எதைக் கொண்டு நிறுவ முடியும் என்ற இரண்டுமே விலையைத் தீர்மானிக்கின்றன. கீழுள்ள படிகள் அந்த விடையை நோக்கிச் செல்பவை. ஒரு காந்தம், கிராம் அளவில் எடை காட்டும் சிறு தராசு, பூதக்கண்ணாடி, மில்லிமீட்டர் அளவுகோல் ஆகியவை போதும்.

படி 1: பொருளைக் கண்டறியுங்கள்

முதலில் காந்தத்தைச் சில்லின் மீது வையுங்கள். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்புத் தகடு இருக்கிறது என்று பொருள். 2003க்குப் பின் போக்கர் ஆட்டம் தொலைக்காட்சி வழியாகப் பரவியபோது விற்கப்பட்ட, 11.5 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள பிளாஸ்டிக் சில்லுகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. பழைய களிமண் கலவைச் சில்லு ஏறத்தாழ 8 முதல் 10 கிராம் எடையும், 38 அல்லது 39 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டிருக்கும். ஒன்றோடொன்று தட்டினால் மந்தமான ஓசையே எழும்.

தந்தத்தால் ஆன சில்லு என்ற ஐயம் எழுந்தால் அங்கேயே நில்லுங்கள். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நுண்ணிய வளைகோடுகள் தெரியும். எலும்பில் கரும்புள்ளிகள் போன்ற நுண்துளைகள் இருக்கும். தந்தத்தைப் போலச் செய்யப்பட்ட செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் கோடுகள் ஒரே சீராக இணையாக ஓடும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய வழக்கம் பொருளைப் பாழாக்கும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். இந்தியாவில் தந்த விற்பனை தடை செய்யப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 2016 முதல் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. ஈபே என்ற இணைய விற்பனைத் தளம் 2009 முதல் தந்தப் பொருள்களை ஏற்பதில்லை. எனவே சட்ட நிலையைத் தெரிந்துகொள்ளாமல் தந்தச் சில்லுக்கு விலை பேசக் கூடாது.

முத்துச்சிப்பியில் செதுக்கிய, குடும்பச் சின்னமோ முதலெழுத்தோ உள்ள மெல்லிய காய்களும் போக்கர் சில்லுகள் என்ற பெயரில் விற்பனைக்கு வருவதுண்டு. அவை போக்கருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயக் குடும்பங்கள் சீனாவின் கான்டன் நகரக் கைவினைஞர்களிடம் செய்வித்து வாங்கியவை. அவற்றைத் தனியே எடுத்து வைத்து, சீன ஏற்றுமதிக் கலைப்பொருள்களை அறிந்தவரிடம் காட்டுங்கள்.

படி 2: எழுத்து பதிந்த விதத்தையும் விளிம்பையும் பாருங்கள்

களிமண் சில்லுகளில் எழுத்து பதிக்கும் முறைகளில் மூன்றை அடிக்கடி காணலாம். எழுத்தைக் குடைந்து வண்ணம் நிரப்புவது ஒன்று. வேறு பொருளில் செய்த வடிவத்தைச் சில்லினுள் பதிப்பது மற்றொன்று. சூடான அச்சால் பொன்னிற மென்தகட்டை அழுத்திப் பதிப்பது மூன்றாவது. முதல் இரண்டும் பொதுவாக மூன்றாவதைவிட முந்தியவை.

அடுத்து, விளிம்பை ஒட்டி வட்டமாக ஓடும் அழுத்தச் சின்னங்களைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் டி.ஆர். கிங் நிறுவனச் சில்லுகளில் சிறு கிரீடங்கள் காணப்படும். தொப்பியும் கைத்தடியும் பால்-சன் நிறுவனத்தின் அடையாளம். அந்நிறுவனம் 1963இல் தொடங்கப்பட்டதால், அந்தச் சின்னமுள்ள சில்லை "1930களைச் சேர்ந்தது" என்று யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டியதில்லை.

படி 3: எழுத்துகளுக்கு உரியவரைத் தேடுங்கள்

மதிப்பீட்டின் உயிர்நாடி இந்தப் படியே; உங்கள் நேரத்தின் பெரும்பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். ஒரே இரண்டு எழுத்துகள், வீட்டில் நண்பர்களுடன் ஆடிய ஒருவருடைய பெயரின் சுருக்கமாகவும் இருக்கலாம். காவல் துறை சோதனையில் சில்லு சிக்கினாலும் இடத்தின் பெயர் வெளிப்படக் கூடாது என்பதற்காக ஒரு சட்டவிரோத சூதாட்ட விடுதி வேண்டுமென்றே சுருக்கிப் பதித்ததாகவும் இருக்கலாம். அமெரிக்க மாநிலங்களில் கென்டக்கியின் நியூபோர்ட், 1957இல் விடுதிகள் ஒடுக்கப்பட்ட டெக்சாஸின் கால்வெஸ்டன், ஆர்கன்சாஸின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகிய ஊர்களின் விடுதிச் சில்லுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுச் சில்லைத் தேடுபவர் குறைவு.

பின்னிப் பிணைந்த அலங்கார எழுத்துகள், தொகை குறிக்கப்படாத வெள்ளை, சிவப்பு, நீலச் சில்லுகள், அவற்றுக்கென்றே செய்த மரப்பெட்டி ஆகியவை வீட்டு உபயோகத்தையே பெரிதும் சுட்டும். தனித்தனியாக நிற்கும் எழுத்துகள், 5, 25, 100 போன்ற தொகைகள், விளிம்பில் வேறு வண்ணச் செருகல்கள், எல்லாச் சில்லுகளிலும் ஒரே அளவான தேய்மானம் ஆகியவை விடுதியைச் சுட்டும். ஆயினும் இவை குறிப்புகளே, சான்று வேறு. டி.ஆர். கிங், மேசன் முதலிய நிறுவனங்களின் பழைய விற்பனைப் பதிவு அட்டைகளில், எந்த எழுத்துகளை எந்த நிறத்தில் யார் வாங்கினார் என்ற விவரம் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் அவற்றைக் கொண்டே பல சில்லுகளுக்கு ஊரும் விடுதியும் கண்டுள்ளனர். 'சிப்கைடு' என்ற இணையத் தொகுப்பில் எழுத்துகளையும் விளிம்புச் சின்னத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1988இல் தொடங்கிய சூதாட்டச் சில்லுச் சேகரிப்பாளர் சங்கத்தின் உறுப்பினர்களிடம் இருபுறப் படங்களைக் காட்டிக் கேட்பதும் பயன் தரும்.

புகழ்பெற்ற ஒருவரின் பெயரோடு எழுத்துகள் பொருந்துவதை மட்டும் வைத்துச் சில்லு அவருடையது என்று எழுதாதீர்கள். பெயர் குறித்த விலைச்சீட்டோ, கடிதமோ, சில்லோடு சேர்ந்து வந்த குடும்பப் படமோ இருந்தால் அவற்றைப் பெட்டியிலிருந்து பிரிக்காமல் வையுங்கள்.

படி 4: நிலையை மதிப்பிடுங்கள், ஆனால் கழுவாதீர்கள்

விளிம்பின் கூர்மை, விரிசல், உடைவு, எழுத்தில் எஞ்சியுள்ள பொன்னிறம் ஆகியவற்றைப் பார்த்து நல்லவை, தேய்ந்தவை, சேதமுற்றவை என மூன்றாகப் பிரியுங்கள். நீரில் ஊறவைப்பதும் அழுத்தித் துடைப்பதும் பொன்னிறப் பதிவை உதிர்த்துவிடும். உலர்ந்த மென்துணியால் தூசியை நீக்கினால் போதும்.

படி 5: விற்று முடிந்த விலையைக் கொண்டு கணக்கிடுங்கள்

விற்பனையாளர் கேட்கும் விலை மதிப்பாகாது. வாங்குபவர் உண்மையில் கொடுத்த விலையே கணக்கு. ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதியைப் பயன்படுத்தி, ஒரே வகைப் பொறிப்பும் ஒத்த நிலையும் உடையவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். "சட்டவிரோத விடுதிச் சில்லு" என்ற தலைப்பு மட்டும் இருந்து சான்று தரப்படாத விற்பனைகளை ஒதுக்கிவிடுங்கள்.

புதியவர்கள் பெருமளவில் தடுமாறுவது எண்ணிக்கையில்தான். பெரும்பாலான சேகரிப்பாளர்களுக்கு ஒரு வகையில் ஒரு சில்லே தேவை. முந்நூறு சில்லுகள் ஒன்றாகச் சந்தைக்கு வந்தால், அதுவரை அரிதாக இருந்ததும் அரிதாக இராது. கணக்கு முறையைக் காட்டுவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: 300 சில்லுகளில் ஒற்றைச் சில்லு 8 டாலருக்கு விற்றிருந்தால், மொத்தம் 2,400 டாலர் என்று பெருக்கிவிடக் கூடாது. நல்ல நிலையில் உள்ள 20 சில்லுகளை 8 டாலராகக் கணக்கிட்டால் 160 டாலர். மீதமுள்ள 280ஐ, மொத்தமாக விற்கப்பட்ட ஒத்த பெட்டிகளின் விலையை ஒட்டி, சில்லுக்கு அரை டாலர் என்று கொண்டால் 140 டாலர். இரண்டும் சேர்ந்து 300 டாலர். பெட்டியோடு முழுமையாக விற்றால் என்ன கிடைக்கும் என்பதையும் தனியே குறித்து, இரண்டு தொகைகளையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள். தளக் கட்டணத்தையும் அஞ்சல் செலவையும் இரண்டிலிருந்தும் கழிக்க வேண்டும். முந்நூறு சில்லுகள் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ எடையிருக்கும் என்பதால் இது சிறு செலவாக இராது.

விற்பனைக் குறிப்பில் விட்டம், எடை, நிறவாரி எண்ணிக்கை, விளிம்புச் சின்னம், சேதங்கள் ஆகியவற்றை எழுதி, எழுத்துகளுக்கு உரியவரைக் கண்டிருந்தால் அதற்கான சான்றின் படத்தையும், காணவில்லை என்றால் "உரியவர் அடையாளம் காணப்படவில்லை" என்ற வரியையும் சேருங்கள்.