கருப்பை எடுத்த பிறகு சீனி ஏன் ஏறுகிறது? பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனி கூடிவிட்டது என்று தெரிந்தவுடன் எங்கள் வீடுகளில் விசாரணை சமையலறையில்தான் தொடங்கும். எத்தனை நீத்துப்பெட்டி புட்டு சாப்பிட்டாய், தேநீருக்குச் சீனி போட்டாயா, கலியாணவீட்டில் பலகாரத்தில் கைவைத்தாயா என்று கேள்வி மேல் கேள்வி. சாப்பாடு முக்கியம்தான். ஆனால் நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண்ணின் சீனியைச் சாப்பாடு மட்டும் ஏற்றி இறக்குவதில்லை. அவளுடைய சூலகங்கள் சுரக்கும் ஓமோன்களுக்கும் அதில் பங்குண்டு. கருப்பை அகற்றும் சத்திரசிகிச்சையும் நடந்திருந்தால் கணக்கு இன்னும் மாறும். இது தெரியாததால், சொன்னபடி மருந்தெடுத்து அளந்து சாப்பிடும் பெண்கள்கூட "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்ற பேச்சை வாங்குகிறார்கள். அது பெரிய அநியாயம்.

அடிப்படை இதுதான். ஈஸ்ட்ரோஜன் உடலை இன்சுலினுக்கு இணங்கவைக்கிறது. புரோஜெஸ்டரோன் அதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. இரண்டையும் சுரப்பவை சூலகங்கள், கருப்பை அல்ல.

மாதக்கணக்கைப் பார்க்காமல் மருந்தைக் கூட்டுவது

மாதவிலக்குக்கு முந்திய ஒரு வாரம், பத்து நாட்களில் புரோஜெஸ்டரோன் உயர்ந்து நிற்கும். சில பெண்களுக்கு அந்த நாட்களில் காரணமே இல்லாமல் சீனி ஏறும். இன்சுலின் போடும் முதலாம் வகை நீரிழிவுக்காரருக்கு இது நன்றாகவே தெரியும். இரத்தம் பட்டதும் ஓமோன் இறங்கும், சீனியும் தானாக இறங்கும். ஏறிய நாட்களில் கூட்டிய இன்சுலினை அப்படியே தொடர்ந்தால், மாதவிலக்கின் முதல் இரண்டு மூன்று நாட்களில் சீனி அளவுக்கு மீறி விழுந்துவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். திகதி இருக்கும், சீனியின் அளவு இருக்கும், மருந்தின் பெயர் இருக்கும். மாதவிலக்கு வந்த நாள் எங்கும் இராது. அந்தத் திகதிக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி வைத்து இரண்டு மூன்று மாதம் எழுதி வந்தாலே போதும், சீனி ஏறுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறதா இல்லையா என்பது வைத்தியருக்கும் தெரிந்துவிடும்.

எதை எடுத்தார்கள் என்று தெரியாமலே வீடு திரும்புவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்பேன். "கர்ப்பப்பையை எடுத்தாயிற்று" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சூலகங்களையும் எடுத்தார்களா என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. சீனியைப் பொறுத்தவரை மிக முக்கியமான கேள்வியே அதுதான்.

வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டும்போது தரும் டயக்னோசிஸ் காட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக எழுதியிருப்பார்கள். 'ரி.ஏ.எச்.' என்றால் வயிற்றை வெட்டிக் கருப்பையை முழுமையாக அகற்றியிருக்கிறார்கள். கருப்பை இறக்கத்துக்காகக் கீழ்வழியாக அகற்றியிருந்தால் 'வி.எச்.' என்று இருக்கும். அதனோடு 'பி.எஸ்.ஓ.' என்றும் இருந்தால் இரண்டு பக்கச் சூலகங்களும் கருக்குழாய்களும் சேர்ந்து போயிருக்கின்றன. வெறும் 'பி.எஸ்.' என்றால் குழாய்கள் மட்டும். சூலகங்கள் உள்ளேயே இருக்கின்றன. எழுத்து விளங்கவில்லை என்றால் வாட்டை விட்டு வெளியேறுமுன் வைத்தியரிடமோ தாதியிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இரண்டு சூலகங்களும் போய்விட்டால், மாதவிலக்கு நிற்கும் வயதில் இயற்கையாகச் சில ஆண்டுகளாக மெல்ல மெல்ல நடக்கும் மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குகிறது. உடம்பு கொதிக்கிறது, வேர்க்கிறது, நித்திரை கெடுகிறது. காலப்போக்கில் கொழுப்பு இடுப்பைவிட்டு வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இன்சுலினுக்கு இடைஞ்சல். முன்பு இருந்த அதே சாப்பாடு, அதே மருந்து, ஆனால் சீனி மட்டும் பழைய இடத்தில் நிற்காது.

சூலகங்கள் மிஞ்சியிருந்தால் நிலைமை வேறு. ஓமோன்கள் தொடர்ந்து சுரக்கும். மாதச் சுற்றும் உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும். இரத்தம் படாததால் அது வெளியே தெரிவதில்லை. மாதத்தில் ஒருவாரம் சீனி ஏறுகிறது, மார்பு நோகிறது, மனம் சோர்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்று 40 வயதுப் பெண் ஒருவர் சொன்னால், இதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். இன்னொன்று, கருப்பை போனபின் சூலகங்கள் சிலரில் எதிர்பார்த்ததைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துவிடுகின்றன. மாதவிலக்கு நிற்பதுதான் வழக்கமான அறிகுறி. அந்த அறிகுறியே இல்லாத பெண் அதை எப்படி அறிவாள்?

வெளிநாடுகளில் பெருந்தொகையான பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், கருப்பை அகற்றியவர்களிடையே இரண்டாம் வகை நீரிழிவு ஓரளவு கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. அதற்காகத் தேவையான சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கருப்பையை எடுக்கவேண்டி வரும் பெண்களில் பலருக்கு உடற்பருமன் போன்ற காரணங்கள் முன்பே இருந்திருக்கும். எடுத்ததால்தான் நீரிழிவு வந்தது என்று அந்த ஆய்வுகளை வைத்துச் சொல்லமுடியாது. நல்ல காரணம் ஏதும் இல்லாமல் சூலகங்களையும் "சேர்த்தே எடுத்துவிடுங்கள்" என்று சொல்லுமுன் வைத்தியருடன் பேசுங்கள் என்பதே நான் வலியுறுத்துவது. குடும்பத்தில் சூலகப் புற்றுநோய் இருந்தால் எடுப்பதே சரியாகவும் இருக்கலாம்.

இரத்தம் குறைந்திருக்கும்போது எச்பிஏ1சி அளவை அப்படியே நம்புவது

கருப்பையில் கட்டி வந்து, மாதாமாதம் கட்டி கட்டியாக இரத்தம் போய், முகம் வெளிறி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலையில்தான் எங்கள் பெண்கள் பலர் சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்கிறார்கள். அந்த நிலையில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை ஏமாற்றக்கூடும். செங்குழியங்களில் சீனி எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. ஒரு செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். இரும்புச்சத்துக் குறைந்தால் புதிய குழியங்கள் குறைவாக வரும். பழையவை நிறைய இருக்கும். அவற்றில் ஒட்டிய சீனியும் கூடுதலாகத் தெரியும். விரல் நுனிச் சோதனையில் சீனி பரவாயில்லை, ஆனால் எச்பிஏ1சி மட்டும் கூட.

பிறகு இரும்புக் குளிசை தொடங்கினால் புதிய குழியங்கள் பெருகி அந்த அளவு இறங்கும். இரத்தம் ஏற்றினால் வேறொருவரின் குழியங்கள் கலந்து கணக்கே குழம்பும். "ஒப்பரேஷனுக்குப் பிறகு சீனி வருத்தம் மாறிவிட்டது" என்று குளிசையை நிறுத்துகிறவர்களில் சிலர் பார்த்தது இந்தப் பொய்யான இறக்கத்தைத்தான். மற்றப் பக்கத்தில், சத்திரசிகிச்சைக்கு முன் எச்பிஏ1சி 8 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல். இரத்தம் குறைந்த பெண்ணுக்கு அந்த ஒற்றை எண்ணை வைத்துத் திகதியைத் தள்ளுவது நியாயமாகாது. சில நாட்கள் வெறுவயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தின் பின்னும் விரல் நுனியில் பார்த்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஹீமோகுளோபின் அளவையும் இரத்தம் ஏற்றிய திகதியையும் அதே தாளில் எழுதுங்கள்.

வேர்த்தால் சீனி இறங்கிவிட்டது என்று நினைப்பது

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கோண்டாவிலில் இருக்கிறார். சூலகங்களும் எடுத்தாயிற்று. சில மாதங்களாக விடியப்புறம் திடுக்கிட்டு எழும்புவார். சட்டை நனைந்திருக்கும், நெஞ்சு படபடக்கும். தலைமாட்டில் சீனிக் கரைசல் போத்தல் தயாராக இருக்கும். குடித்துவிட்டுப் படுத்தால் காலையில் சீனி 210.

"அக்கா, வேர்க்கும்போது விரலில் குத்திப் பார்த்தீர்களா?"

"இல்லைத் தங்கச்சி, அந்த நேரம் பயத்தில் மெஷினை யார் தேடுவது? சீனி விழுந்தால் இப்படித்தான் வேர்க்கும் என்று சொன்னார்கள்."

சொன்னது பொய்யில்லை. சீனி விழுந்தாலும் வேர்க்கும், படபடக்கும். ஈஸ்ட்ரோஜன் இறங்கி உடம்பு கொதித்தாலும் அப்படியேதான். வேறுபாடு சொல்லக்கூடியது குளுக்கோமீட்டர் மட்டும். அதைத் தலைமாட்டிலேயே வையுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். பார்க்க வழியே இல்லை என்றால், இன்சுலினோ கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளோ எடுப்பவர்கள் சீனி விழுந்ததாகவே எண்ணிக் குடிப்பதுதான் பாதுகாப்பு. மெற்போர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி அப்படி விழுவது அரிது.

அந்த அக்கா இப்போது பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார். பெரும்பாலான இரவுகளில் குடிக்கவேண்டி வருவதில்லை.

சத்திரசிகிச்சை நாட்களில் நடப்பவை

வெட்டுக்காயமும் வலியும் உடலில் கோட்டிசோல், அட்ரினலின் போன்ற ஓமோன்களைக் கூட்டும். அவை சீனியை ஏற்றும். சத்தி வராமல் இருக்கப் போடும் டெக்சாமெதசோன் ஊசியும் ஓரிரு நாள் சீனியை ஏற்றிவைக்கும். வாட்டில் திடீரென இன்சுலின் போட்டார்கள் என்று பயந்து அழவேண்டாம். பெரும்பாலும் அது தற்காலிகம். வீட்டுக்குப் போனபின் எந்தக் குளிசையை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை மட்டும் தெளிவாகக் கேட்டு வாருங்கள்.

டப்பாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் என்ற நீரிழிவுக் குளிசைகளைச் சத்திரசிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தவேண்டும். எடுத்தபடி உண்ணாமல் இருந்தால், சீனி அவ்வளவாக ஏறாமலே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. எந்த மருந்து எடுக்கிறீர்கள் என்று மயக்க மருந்து வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; தனியார் பாமசியில் வாங்குவதையும், சித்த மருந்தையும் சேர்த்து. முதலாம் வகை நீரிழிவுக்காரர் சாப்பிடாத நாளிலும் நீண்டநேர இன்சுலினைத் தாமாக நிறுத்தவே கூடாது.

பார்க்க வருகிறவர்களின் அன்பு வேறொரு சிக்கல். பை நிறைய மால்ட் மா, பிஸ்கட், திராட்சை. உடம்பு தேறவேண்டும் என்று ரின்பால் போட்ட தேநீர். பனங்கட்டி சீனியல்ல, கடித்துக் குடித்தால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்குரோசுதான். சீனியை அதுவும் ஏற்றும். காயம் ஆறத் தேவை புரதம். முட்டை, சின்ன மீன் போட்ட சரக்குக் கறி, பயறு, முருங்கையிலை வறை, அளவாகத் தவிட்டரிசிச் சோறு போதும். ஏறிய சீனி காயத்தைச் சீழ்ப்பிடிக்க வைக்கும். காய்ச்சலோ காயத்தில் சிவப்போ கண்டால் காத்திருக்காதீர்கள். ஆறு வாரம்வரை கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் பாரம் தூக்குவதும் வேண்டாம். ஆனால் ஆறு வாரமும் கட்டிலில் கிடப்பதும் தவறு. முற்றத்தில், ஒழுங்கையில், மெல்ல நடக்கலாம். நடந்தால் சீனியும் அடங்கும்.

ஓமோன் மருந்தென்றால் புற்றுநோய் என்று ஓடுவது

இந்தப் பயம் 2002-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றிலிருந்து பரவியது. ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டின் வகை மருந்தையும் சேர்த்து எடுத்த பெண்களில் மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடியதைக் கண்டார்கள். அதே பெண்களில் புதிதாக நீரிழிவு வந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்ற முடிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. நீரிழிவைத் தடுக்கவென்று யாரும் ஓமோன் எடுக்கவேண்டியதில்லை. ஆனால் 45 வயதுக்கு முன் இரண்டு சூலகங்களையும் இழந்த பெண்ணுக்கு, எலும்பையும் இதயத்தையும் காக்க, இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரை, அதாவது 50 வயதை ஒட்டி, ஓமோன் கொடுப்பதே பொதுவான வழிகாட்டல். மார்பகப் புற்றுநோய், கால் நாளங்களில் இரத்தக்கட்டி போன்றவை இருந்தால் விடயம் வேறு. கருப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். புரோஜெஸ்டரோன் சேர்ப்பது கருப்பையின் உட்படையைக் காக்கத்தான். நீரிழிவு இருக்கிறது என்பதே ஓமோன் சிகிச்சையை மறுக்கக் காரணமாகாது.

சீனி இல்லை என்பதால் பார்க்காமலே விடுவது

கருப்பை போனபின் பெண் நோயியல் கிளினிக்குடன் தொடர்பு அறுந்துவிடுகிறது. கர்ப்பகாலத்தில் சீனி இருந்தவர்கள், தாய் தகப்பனுக்கு நீரிழிவு உள்ளவர்கள், இடுப்புச் சுற்றளவு கூடியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது வெறுவயிற்றுச் சீனி பார்க்கவேண்டும். அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைக் கடந்தவர்களுக்குச் சீனியும் இரத்த அழுத்தமும் இலவசமாகவே பார்க்கிறார்கள். போகும்போது டயக்னோசிஸ் காட்டின் பிரதியொன்றையும் கையோடு கொண்டுபோங்கள். சூலகங்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.