கதிரியக்கக் கழிவுக் கிடங்கின் சுற்றுப்புறத்தைக் கண்காணிக்கும் முறை

கிடங்கிலிருந்து ஏதேனும் கசிகிறதா என்று கேட்பதற்கு முன், கிடங்கே இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். யுரேனியமும் தோரியமும் பொட்டாசியம்-40 உம் மண்ணில் இயற்கையாகவே உள்ளன. வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளும் 1986-ஆம் ஆண்டின் செர்னோபில் விபத்தும் விட்டுச்சென்ற சீசியம்-137 இன்றும் பல நாடுகளின் மேல்மண்ணில் அளவிடக்கூடிய அளவில் இருக்கிறது. ஆகவே முதல் கழிவுப் பீப்பாய் வந்து இறங்குவதற்கு முன்பே, எல்லாப் பருவங்களும் அடங்கும்படி குறைந்தது ஓராண்டேனும் நீர், மண், காற்று, தாவரம் ஆகியவற்றை அளந்து, அடிப்படை அளவுகளைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கிடங்கு ஏற்கெனவே இயங்கத் தொடங்கியிருந்தால், அதே மண்வகையும் நிலத்தடி அமைப்பும் கொண்ட, கிடங்கின் தாக்கம் எட்டாத ஓரிடத்தை ஒப்பீட்டுக்காகத் தேர்ந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்துக் கையிலெடுக்க வேண்டியது கழிவுப் பதிவேடு. உள்ளே இருப்பவை எவை, அவற்றுள் எளிதில் நகரக்கூடியவை எவை என்று பார்த்து அளவீட்டுப் பட்டியலை அமைக்க வேண்டும். எல்லாவற்றையும் எல்லா இடங்களிலும் அளக்க முயல்வது ஆய்வகத்தைத் திணறடிப்பதில்தான் முடியும். சீசியம்-137 களிமண் துகள்களை இறுகப் பற்றிக்கொள்வதால் மிக மெதுவாகவே நகரும். ஸ்ட்ரோன்சியம்-90 கால்சியத்தைப் போல நடந்துகொள்வதால் அதைவிட எளிதாக நகரும். கதிரியக்க ஹைட்ரஜனான டிரிடியமோ நீர் மூலக்கூறின் பகுதியாகவே மாறி, நிலத்தடி நீர் செல்லும் வேகத்திலேயே செல்லும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குத் தரும் வழிகாட்டு அளவு சீசியம்-137க்கு லிட்டருக்கு 10 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைவதே ஒரு பெக்கரல்), டிரிடியத்துக்கு 10,000 பெக்கரல். இவ்வளவு தீங்கு குறைந்த டிரிடியத்தை ஏன் துரத்த வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. கிடங்கில் டிரிடியம் இருக்குமானால், மற்றவை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கசிவை அறிவிப்பது அதுதான் என்பதே காரணம்.

எனவே நிதி குறைவாக இருந்தால் அதில் பெரும்பகுதியைக் கண்காணிப்புக் கிணறுகளுக்கே ஒதுக்குவது நல்லது. நீரோட்டத்தின் திசையைக் கணிக்க, ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் நீர்மட்டமாவது தேவை. அந்தத் திசை பருவத்துக்குப் பருவம் மாறக்கூடும் என்பதால், மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். கிடங்குக்கு நீர் வந்துசேரும் பக்கத்தில் ஒரு கிணறாவது இருக்க வேண்டும். கடந்து செல்லும் பக்கத்தில் பல கிணறுகள், வெவ்வேறு ஆழங்களில் நீர் புகும்படி அமைய வேண்டும். குழாயில் தேங்கிக் கிடக்கும் நீர் நிலத்தடி நீரைக் காட்டாது. வெப்பநிலை, அமிலத்தன்மை, மின்கடத்துதிறன் ஆகியவை நிலைபெறும் வரை நீரை இறைத்துவிட்டு, அதன் பிறகே குப்பியை நிரப்ப வேண்டும். உலோக வகைத் தனிமங்களுக்கான மாதிரியில், அவை குப்பிச் சுவரில் ஒட்டிவிடாதிருக்க நைட்ரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். டிரிடியத்துக்கான மாதிரியில் அமிலம் தேவையில்லை, அயோடினுக்கான மாதிரியிலோ அமிலம் சேர்க்கவே கூடாது, சேர்த்தால் அயோடின் ஆவியாகி வெளியேறிவிடும். டிரிடிய மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில், காற்றுக்கு இடமின்றி நிரப்பி மூட வேண்டும். மாதிரி எடுப்பவர் டிரிடியத்தால் ஒளிரும் கைக்கடிகாரம் அணிந்திருக்கக் கூடாது. அற்பமாகத் தோன்றும் இந்தக் காரணமே ஒரு முழு மாதிரித் தொகுப்பைக் கெடுத்துவிடும்.

வேலியோரத்தில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், படும் கதிர்வீச்சின் மொத்த அளவைக் காட்டும் டோசிமீட்டர்களைப் பொருத்தி, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். தொடர்ந்து பதிவு செய்யும் காமா அளவியும் இருந்தால், மழை பெய்யும்போது அதன் அளவு திடீரென உயர்வதைக் காணலாம். காற்றிலுள்ள ரேடான் என்ற இயற்கைக் கதிரியக்க வாயுவின் சிதைவுப் பொருட்களை மழை தரைக்குக் கொண்டுவருவதே காரணம். அவை சில மணி நேரத்தில் மறைந்துவிடும், அளவு இறங்காவிட்டால்தான் ஆராய வேண்டும். இதே காரணத்தால் காற்றிலுள்ள தூசியைப் பிடிக்கும் வடிதாள்களின் கதிரியக்கத்தையும் எடுத்தவுடன் எண்ணக் கூடாது. நான்கைந்து நாட்கள் வைத்திருந்து பிறகு எண்ண வேண்டும். மண், புல், ஓடைப் படிவு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் எடுப்பது போதுமானது.

ஆய்வகத்தில் சீசியம்-137, கோபால்ட்-60 போன்றவற்றை ஜெர்மேனியம் உணரி கொண்ட காமா நிறமாலைமானி அடையாளம் காட்டிவிடும். ஸ்ட்ரோன்சியம்-90 பீட்டாக் கதிரை மட்டுமே வெளியிடுவதால், அதை வேதிமுறையில் பிரித்தெடுத்து, அதிலிருந்து உருவாகும் இட்ரியம்-90 சமநிலையை அடைய இரண்டு வாரங்களுக்கு மேல் காத்திருந்து அளப்பது வழக்கமான முறை. இதைத் தெரிந்துகொண்டு கால அட்டவணையைத் தயாரிக்காவிட்டால் அறிக்கை எப்போதும் தாமதமாகும். நீரின் மொத்த பீட்டா அளவைக் கொண்டு முதற்கட்ட வடிகட்டல் செய்வோர் பொட்டாசியம்-40இன் பங்கைக் கழித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். ஒரு கிராம் பொட்டாசியம் ஏறத்தாழ 28 பெக்கரல் பீட்டாக் கதிரியக்கம் தருகிறது.

ஒவ்வொரு தொகுப்போடும் வெற்று மாதிரியும் (கதிரியக்கம் கலக்காத மாதிரி) இரட்டை மாதிரியும் (அதே இடத்தில் எடுத்த இரண்டாவது மாதிரி) அனுப்ப வேண்டும். அளவை அதன் நிச்சயமின்மையோடும் கண்டறியும் வரம்போடும் சேர்த்தே எழுத வேண்டும். மாதிரி இல்லாமலே கருவி காட்டும் பின்னணி அளவைக் கழித்தபின் எதிர்மறை எண் வந்தால் அதையும் அப்படியே பதிவு செய்ய வேண்டும். பூஜ்யமாக மாற்றினால் பல ஆண்டுகளின் சராசரி மேல்நோக்கிச் சாய்ந்துவிடும்.

எந்த அளவைத் தாண்டினால் என்ன செய்வது என்பதை, அளவீடு தொடங்குமுன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ஒரு கிணற்றில் டிரிடியம் அந்த அளவைத் தாண்டினால், முதலில் மீதமுள்ள மாதிரியை மீண்டும் எண்ண வேண்டும். பிறகு அதே கிணற்றிலிருந்தும் அடுத்த கிணறுகளிலிருந்தும் புதிய மாதிரி எடுத்து, கிடங்கின் வடிகால் தொட்டிப் பதிவுகளோடும் மழைப் பதிவுகளோடும் ஒப்பிட வேண்டும். ஆனால் ஒழுங்குமுறை அமைப்புக்கு அனுப்ப வேண்டிய முதல் தகவல், மறு மாதிரியின் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது.