எடைக்குப் போகக் கூடாத காகிதங்கள்: வீட்டு ஆவணங்களை அழிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போகிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும்போதும், வாடகை வீடு மாறும்போதும் நாம் முதலில் கட்டி வெளியேற்றுவது காகிதங்களைத்தான். நாளிதழ்களோடு சேர்ந்து வங்கிக் கணக்கு அறிக்கை, ஆதார் அட்டையின் ஜெராக்ஸ், காப்பீட்டுக் கடிதம், ரத்தப் பரிசோதனை முடிவு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைப் படிவம் ஆகியவையும் ஒரே கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. அங்கே போகும் தாள்கள் அனைத்தும் நேராகக் காகித ஆலைக்குச் சென்று கூழாவதில்லை. பொட்டலம் மடிக்க உதவும் தாள்கள் தனியே பிரிக்கப்பட்டுச் சில்லறை வியாபாரிகளிடம் செல்கின்றன. கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது யாரோ ஒருவருடைய கடன் விண்ணப்பத்தின் பாதிப் பக்கம் கண்ணில் படுவது நம் ஊரில் அரிதான அனுபவம் அன்று.

இதில் பலரும் செய்யும் அடிப்படைத் தவறு, ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகப் பார்த்து, ‘இதில் என்ன இருக்கிறது’ என்று விட்டுவிடுவது. கூரியர் உறையில் இருப்பது பெயரும் முகவரியும் கைபேசி எண்ணும் மட்டுமே. வருமான வரிப் படிவத்தில் பான் எண் இருக்கும். பழைய காசோலைத் தாளில் கணக்கு எண் இருக்கும். பள்ளிப் படிவத்தில் பெற்றோரின் கையெழுத்தும் பிள்ளையின் பிறந்த தேதியும் இருக்கும். இவை நான்கும் ஒரே பையில் ஒரே வீட்டிலிருந்து வெளியேறும்போதுதான் ஆபத்து உருவாகிறது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் ஒருவர் நம் கிளையின் பெயரையும் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் சரியாகச் சொல்லிவிட்டால், நன்கு படித்தவர்கள்கூட அவரை நம்பி ஓடிபியைச் சொல்லிவிடுகிறார்கள். ஆகவே காகிதங்களைப் பிரிக்கும்போது, அடையாள எண் அல்லது கணக்கு எண், கையெழுத்து, கைரேகை, பிறந்த தேதி, கைபேசி எண் ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்று உள்ள தாளை எடைக்குப் போடாமல் தனியே எடுத்து வைப்பது எளிய, போதுமான விதி.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அழிக்கும் வேகத்தில், அழிக்கவே கூடாதவற்றையும் சிலர் கழித்துவிடுகிறார்கள். கிரயப் பத்திரம், மூலப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பிறப்பு இறப்புச் சான்றுகள், கடன் முடிந்ததற்கு வங்கி கொடுத்த கடிதம், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றுக்குக் காலவரையே கிடையாது. மூலப் பத்திரம் தொலைந்தால் காவல் நிலையப் புகார், பத்திரிகை அறிவிப்பு, ஆவணம் கிடைக்கவில்லை என்னும் சான்று என்று அலைய நேரிடும். வீட்டில் ஒருவர் இறந்த பிறகு அவருடைய பெட்டியை ஒழிக்கும்போது இந்தக் கவனம் இரட்டிப்பாக இருக்க வேண்டும். வாரிசுகள் அறியாத ஒரு வைப்புத்தொகைக்கு அங்கிருக்கும் ஒற்றைத் தாளே சாட்சியாக இருக்கக்கூடும்.

அழிக்கும் முறைக்கு வருவோம். தாளை நான்காகக் கிழித்து அதே குப்பைத்தொட்டியில் போடுவது அழிப்பதாகாது. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை 1989-ஆம் ஆண்டின் இறுதியில் அவசர அவசரமாகக் கையால் கிழித்துப்போட்ட கோப்புகள் ஏறத்தாழ 16,000 மூட்டைகளில் கிடைத்தன. அவற்றை ஒட்டிச் சேர்க்கும் வேலை 1995-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்தது. கிழிக்கும் இயந்திரம் வாங்கினாலும், நீளவாக்கில் மட்டும் பட்டையாகக் கிழிப்பதை வாங்க வேண்டாம். 1979-இல் தெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தில் அப்படிக் கிழிக்கப்பட்ட தாள்களை ஈரானியர்கள் பொறுமையாகச் சேர்த்துப் படித்துவிட்டார்கள். நெடுக்கும் குறுக்கும் வெட்டும் இயந்திரத்தில், பி-4 என்னும் தரம் குறிக்கப்பட்டதாகப் பார்த்து வாங்கலாம். அதில் ஒவ்வொரு துண்டும் 160 சதுர மில்லிமீட்டருக்கு மேற்படாது.

இயந்திரம் இல்லாத வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது தண்ணீரை. தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவைத்துக் கையால் பிசைந்தால் காகிதம் நார்நாராகப் பிரிந்துவிடும். லேசர் அச்சின் கருமை தண்ணீரில் கரையாது என்பது உண்மைதான். ஆனால் அது ஒட்டியிருந்த தாளே கூழாகிவிட்ட பிறகு எழுத்து என்று எதுவும் மிஞ்சாது. காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்துக் கூடை செய்தும் முறத்தில் பூசியும் பழகிய பாட்டிமார்களின் வழி இது. பிளாஸ்டிக் உறையிட்ட அட்டைகளுக்கு மட்டும் இது உதவாது; அவற்றைக் கத்தரியால்தான் நறுக்க வேண்டும்.

எரிப்பதை நான் ஏற்கவில்லை. கட்டாக நெருப்பில் இடும் காகிதம் ஓரங்களில் கருகி நடுவில் அப்படியே மிஞ்சும். பிளாஸ்டிக் உறையிட்ட அடையாள அட்டைகளையும் கோப்பு உறைகளையும் சேர்த்து எரித்தால் எழும் நச்சுப்புகை தெருவுக்கே கேடு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போகிதோறும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

காலாவதியான ஏடிஎம் அட்டையை இரண்டாக ஒடித்துப் போடுவதும் பரவலாகக் காணப்படும் தவறு. அதிலுள்ள சிப், பின்புறக் காந்தப் பட்டை, அட்டை எண், மூன்று இலக்க ரகசிய எண் ஆகிய நான்கும் தனித்தனியே வெட்டுப்பட வேண்டும். துண்டுகளை ஒரே நாள் குப்பையில் போடாமல் இரண்டு மூன்று நாள்களில் பிரித்துப் போடுவது நல்லது. கணக்கை முடிக்கும்போது மீதமுள்ள காசோலைத் தாள்களை வங்கியிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

வீட்டிலுள்ள காகிதத்தை இவ்வளவு கவனமாக அழிப்பவர்களும், வீட்டுக்கு வெளியே விட்டுவரும் நகல்களை மறந்துவிடுகிறார்கள். ஜெராக்ஸ் கடையில் மங்கலாக விழுந்த பிரதி அங்கேயே மேசைக்கடியில் கிடக்கிறது. பிரவுசிங் சென்டரில் பதிவிறக்கிய இ-ஆதார் கோப்பு அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் உறையில் தங்கிவிடுகிறது. கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதி அடைவதற்கில்லை: பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டுமே அந்தக் கடவுச்சொல் என்பது ஊரறிந்த செய்தி. அச்செடுப்பதற்காகக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிய படத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வீணான பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்வதும், கோப்பை நீக்கி ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்யச் சொல்வதும் நம் உரிமை. அதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. முழு எண் தேவைப்படாத இடங்களில், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டுக் கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுத்தால், பின்னாளில் அழிக்க வேண்டியதும் குறையும்.

பத்திர நகல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதிவு செய்யப்பட்ட பத்திரத்தில் கைரேகையும் அடையாள விவரமும் ஒன்றாக இருக்கும். அத்தகைய ஆவணங்களிலிருந்து ரேகையைப் பிரதியெடுத்து, ஆதார் எண்ணையும் கைரேகையையும் கொண்டு பணம் எடுக்கும் முறையில் கணக்குகளைச் சுரண்டிய வழக்குகள் ஹரியானா, தெலங்கானா உள்ளிட்ட மாநிலங்களில் பதிவாகியுள்ளன. அந்த முறையில் ஓடிபி தேவையில்லை என்பதால் பணம் போன பிறகே நமக்குத் தெரியும். எனவே வேண்டாத பத்திர நகலில் முதலில் அழிய வேண்டியது ரேகை உள்ள பகுதி. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அல்லது செயலியில் கைரேகையைப் பூட்டி வைத்துக்கொள்வது இதற்கு மேலும் ஒரு காவல்.

மின்னணுக் கருவிகளில் நேரும் தவறு வேறு வகையானது. கணினியில் ஒரு கோப்பை நீக்கினால் அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர, உள்ளடக்கம் உடனே மறைவதில்லை. விரைவு ஃபார்மட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். பழைய ஹார்டு டிஸ்க்கை முழுமையாக ஒரு முறை மேலெழுதினாலே, அதாவது பழைய தரவின் மேல் வேறு தரவை எழுதி நிரப்பினாலே, வீட்டுத் தேவைக்குப் போதும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சிப்பில் தரவைச் சேமிக்கும் கருவி), பென் டிரைவ் ஆகியவற்றில் தரவு இடம் மாற்றி மாற்றி எழுதப்படுவதால் மேலெழுதுவதை முழுமையாக நம்ப முடியாது. எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பான அழிப்பு மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். பென் டிரைவை உள்ளிருக்கும் சிப்போடு உடைத்துவிடலாம். அண்மைக்காலக் கைபேசிகளில் தரவு மறையாக்கத்தில் (சாவியின்றிப் படிக்க முடியாத வடிவில்) இருப்பதால், ஃபேக்டரி ரீசெட் செய்தால் அதைத் திறக்கும் சாவியே அழிந்துவிடுகிறது. ஆனால் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் அவசரத்தில் பலர் மெமரி கார்டையும் சிம்மையும் உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். ரீசெட்டால் மெமரி கார்டில் உள்ளவை தாமாக அழிந்துவிடும் என்று எண்ணக் கூடாது. ரீசெட் செய்யும் முன் யுபிஐ செயலிகளிலிருந்தும் கூகுள் கணக்கிலிருந்தும் வெளியேறிவிட வேண்டும். பழுதான கைபேசியைச் சுத்தியலால் அடிக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பற்றும்.

மிகக் குறைவாகப் பேசப்படுவதும், என் கருத்தில் மிகப் பெரியதுமான தவறு, பழைய கைபேசி எண்ணைப் போகிறபோக்கில் கைவிடுவது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாள் கழிந்த பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். அந்த எண் இன்னும் நம் வங்கிக் கணக்கோடும் மின்னஞ்சலோடும் இணைந்திருந்தால், ஓடிபி அனைத்தும் முன்பின் அறியாத ஒருவரின் கைக்குப் போகும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நம் பாதுகாப்பு அவருடைய நல்ல மனத்தை நம்பி இருக்கக் கூடாது. எண்ணை விடுவதற்கு முன் வங்கி, ஆதார், பான், எரிவாயு இணைப்பு, மின்னஞ்சல், வாட்ஸ்அப் என ஒவ்வொன்றிலும் புதிய எண்ணை மாற்றிவிட வேண்டும். பெற்றோருக்காகப் பிள்ளைகள் வாங்கிக்கொடுத்த எண்களில் இது பெரும்பாலும் விட்டுப்போகிறது.

காகிதமோ கருவியோ ஏற்கெனவே கைமாறிவிட்டது என்று தெரிந்தால், அதைத் தேடி அலைவதைவிட அதிலிருந்த விவரங்களைப் பயனற்றதாக்குவதே முதல் வேலை. அட்டையை முடக்குவது, கடவுச்சொற்களை மாற்றுவது, காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுப்பது ஆகியவற்றை அன்றைக்கே செய்யலாம். நம் பெயரில் வேறு யாரேனும் சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, நமக்குத் தொடர்பில்லாத எண்ணை அங்கேயே புகார் செய்யலாம். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் புகார் பதிவானால்தான் அதை நிறுத்திவைக்க வழி இருக்கிறது.