எச்டி டிவிடி ஏன் தோற்றது? காரணம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆண்டு சிங்கப்பூரில் என் சித்தப்பா ஈசூன் வீட்டை விற்றுவிட்டுப் பொங்கோலுக்குக் குடிபெயர்ந்தபோது, மேல் அலமாரியிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகள் இறங்கின. முதல் பெட்டியில் சாப்பாட்டுத் தட்டைப் போன்ற லேசர் டிஸ்க்குகள். கராவோக்கே பாட வாங்கியவை. இரண்டாவதில் சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிய விசிடிகளும் டிவிடிகளும். மூன்றாவதில் சிவப்பு உறையிட்ட பதினொரு எச்டி டிவிடிகள், அவற்றை ஓட்டும் கனமான தோஷிபா கருவி, அதன் கூடவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். 2007இல் வேலை நிமித்தம் அமெரிக்காவில் இருந்தபோது வாங்கிய கருவி அது. அந்த நாட்டு மின்னழுத்தத்துக்கு மட்டுமே செய்யப்பட்டது என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இங்கே ஓடாது. டிவிடிக்கு அடுத்து வந்த உயர்துல்லியப் படத் தட்டுகள் இரண்டு: தோஷிபா முகாமின் எச்டி டிவிடி, சோனி முகாமின் புளூ-ரே. 2006 முதல் 2008 வரை இரண்டும் மோதின; தோற்றது எச்டி டிவிடி.

"புளூ-ரேயில் படம் நன்றாக இருந்தது. அதனால்தான் இது தோற்றுப்போனது" என்றான் சித்தப்பா மகன். சித்தப்பா பதில் சொல்லவில்லை. அவர் கடையில் இரண்டையும் அருகருகே ஓடவிட்டுப் பார்த்த பிறகே வாங்கியவர். ஆனாலும் இத்தனை ஆண்டுகளாகத் தம்மை ஏமாந்தவர் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார். அவர் கண் அவரை ஏமாற்றவில்லை என்பதை அன்று அவரிடம் சொன்னேன். அதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையை எல்லோரும் ஒரே மாதிரி தவறாகச் சொல்கிறார்கள்.

முதல் தவறு, தம்பி சொன்னதுதான்: நல்ல படம் தந்தது வென்றது என்பது. இரண்டு தட்டுகளும் 12 சென்டிமீட்டர் அகலம். இரண்டையும் படித்தது 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள அதே நீல ஊதா லேசர். படத்தைச் சுருக்கிப் பதிய இரண்டும் ஏற்றுக்கொண்ட முறைகளும் அதே மூன்று: எம்பெக்-2, விசி-1, எச்.264. இரண்டுமே 1080 வரிகள் கொண்ட முழு உயர்துல்லியப் படத்தைத் தந்தன. வேறுபாடு கொள்ளளவில் இருந்தது. எச்டி டிவிடியின் ஓர் அடுக்கில் 15 ஜிகாபைட், புளூ-ரேயில் 25. இரண்டு அடுக்குத் தட்டு என்றால் 30, 50. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 30 ஜிகாபைட்டே போதும் என்பதால், வீட்டுத் தொலைக்காட்சியில் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். சித்தப்பா கடையில் கண்டதும் அதைத்தான்.

படத் தரமே வெற்றியைத் தீர்மானிக்கும் என்றால், சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் விசிடி ஒருபோதும் நுழைந்திருக்க முடியாது. 1993இல் வரையறுக்கப்பட்ட விசிடியின் படம் விஎச்எஸ் கேசட்டின் தரத்தை ஒட்டியது. வேகமான சண்டைக் காட்சிகளில் கட்டம் கட்டமாக உடையும். லேசர் டிஸ்க் அதைவிடத் தெளிவு. விசிடியின் ஒரு தட்டில் 74 நிமிடம்தான் என்பதால் நம் படங்களுக்கு இரண்டு தட்டு வேண்டும், சிலவற்றுக்கு மூன்று. அப்படியும் தேக்காவைச் சுற்றியிருந்த கடைகளில் அடுக்கடுக்காக நின்றது விசிடிதான். அதை அச்சடிப்பது மலிவு. சாதாரணக் கணினியிலும் ஓடியது. எந்த நாட்டுத் தட்டையும் எந்த நாட்டுக் கருவியிலும் போடலாம். இன்னொரு காரணத்தை இந்த ஊரில் வாழ்ந்தவர்களே அறிவார்கள்: இங்குள்ள காற்றின் ஈரத்தில் கேசட் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். என் அம்மா வைத்திருந்த கேசட்டுகளில் பாதி அப்படித்தான் போனது. தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போடலாம்.

அடுத்த தவறு விலையைப் பற்றியது. மலிவானதுதான் வெல்லும் என்று வணிகம் தெரிந்தவர்கள்கூடச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இங்கே மலிவானது தோற்றது. 2006இல் அமெரிக்காவில் தோஷிபாவின் முதல் எச்டி டிவிடி கருவி 499 டாலருக்கு வந்தது. சில வாரங்கள் கழித்து வந்த சாம்சுங்கின் முதல் புளூ-ரே கருவி 999 டாலர். 2007 நவம்பரில் தோஷிபா கருவி ஒன்று சில கடைகளில் 100 டாலருக்கும் கீழே இறங்கியது. அப்போது வாங்கியவர்களில் சித்தப்பாவும் ஒருவர்.

அந்த மலிவே தோஷிபாவைத் தனிமைப்படுத்தியது என்று நினைக்கிறேன். முகாமின் தலைமை நிறுவனமே தன் பொருளை இவ்வளவு தாழ்த்தி விற்கும்போது, வேறொரு நிறுவனம் அதே கருவியைச் செய்து எப்படி லாபம் பார்க்கும்? எச்டி டிவிடி கருவிகளைப் பெருமளவில் செய்தது ஏறக்குறைய தோஷிபா மட்டுமே. எதிர்ப்பக்கத்தில் சோனி, பானசோனிக், பயனியர், பிலிப்ஸ், சாம்சுங் எல்லாம் நின்றன. கடைக்குள் நுழைபவருக்கு ஒரு பக்கம் ஒரே பெயர், மறுபக்கம் ஒரு வரிசை.

இன்னொரு தவறு, திரைப்படக் கருவிகளை மட்டும் எண்ணிப் பார்ப்பது. 2006 நவம்பரில் வந்த சோனியின் விளையாட்டுக் கருவி பிளேஸ்டேஷன் 3 ஒவ்வொன்றின் உள்ளேயும் புளூ-ரே இருந்தது. விளையாடுவதற்காக வாங்கிய பையனின் வீட்டில், யாரும் கேட்காமலே ஒரு புளூ-ரே கருவி வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் போட்டியான மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் எச்டி டிவிடி உண்டு. ஆனால் அதைத் தனியாக 199 டாலர் கொடுத்து வாங்கி இணைக்க வேண்டும். இணைத்தே விற்பதற்கும் வேண்டுமானால் வாங்கிக்கொள் என்பதற்கும் இருந்த தூரம்தான் இந்தப் போட்டியின் பெரும்பகுதி என்பது என் கணிப்பு. சோனி அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. தொடக்கத்தில் ஒவ்வொரு பிளேஸ்டேஷன் 3 விற்பனையிலும் அதற்கு நட்டம்.

"வார்னர் கைவிட்டது, செத்தது" என்று ஒரே வரியில் முடிப்பவர்களும் உண்டு. தேதிகள் அப்படித்தான் தோன்றச் செய்கின்றன. 2008 ஜனவரி 4ஆம் தேதி, இனிப் புளூ-ரே மட்டுமே என்று படநிறுவனமான வார்னர் பிரதர்ஸ் அறிவித்தது. பிப்ரவரியில் தட்டுகளை வாடகைக்குத் தந்த நெட்ஃபிளிக்ஸ், கடை நிறுவனங்களான பெஸ்ட் பை, வால்மார்ட் என வரிசையாக எச்டி டிவிடியிலிருந்து விலகின. பிப்ரவரி 19ஆம் தேதி தோஷிபா கடையைக் கட்டியது. மொத்தம் 46 நாள்.

ஆனால் முந்தைய ஆண்டின் ஆகஸ்ட்டில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். அப்போது பாராமவுண்ட், டிரீம்வொர்க்ஸ் அனிமேஷன் ஆகிய படநிறுவனங்கள் புளூ-ரேயை விட்டு எச்டி டிவிடிப் பக்கம் வந்தன. யூனிவர்சல் முன்பே அங்கே இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த ஒருவர் எச்டி டிவிடி கருவி வாங்கினால் அதை எப்படி அறியாமை என்பது? டிஸ்னி, ஃபாக்ஸ், சோனி ஆகியவை எதிர்ப்பக்கம் நின்றன. வார்னர் மட்டும் இரண்டிலும் வெளியிட்டுக்கொண்டிருந்தது. 2007 முழுவதும் தட்டு விற்பனையில் புளூ-ரே முன்னால் போவதைத் தன் கணக்கிலேயே அந்த நிறுவனம் கண்டது. சாய்ந்துகொண்டிருந்த தராசில் கடைசிப் படியை வைத்தது வார்னர், சாய்த்தவை மற்றவை.

விஎச்எஸ்ஸிடம் சோனியின் பீட்டாமேக்ஸ் கேசட் தோற்ற கதையை இதன்மேல் அப்படியே ஒட்டுவதையும் தவிர்க்கலாம். அது பதிவு செய்யும் கருவிகளின் போட்டி. 1975இல் வந்த பீட்டாமேக்ஸ் கேசட்டில் ஒரு மணி நேரம், அடுத்த ஆண்டு வந்த விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஒரு முழுப் படத்தைப் பதிய முடியுமா என்பது அங்கே பெரிய கேள்வி. நாம் பேசும் தட்டுகளில் வீட்டில் பதிந்தவர்கள் குறைவு. பெரும்பாலோர் படநிறுவனம் அச்சடித்துத் தந்ததையே பார்த்தார்கள். ஆகவே படநிறுவனங்கள் யார் பக்கம் என்பதே கேள்வியாயிற்று. கொலம்பியா பிக்சர்ஸை 1989இலேயே சோனி வாங்கிவிட்டதன் பொருள் அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

இவற்றுக்கெல்லாம் முன்னால், சண்டையே தேவைதானா என்று கேட்க மறக்கிறோம். டிவிடிக்கும் இதே நிலை வந்தது. சோனியும் பிலிப்ஸும் ஒரு தட்டு, தோஷிபா முகாம் வேறொரு தட்டு என்று 1995இல் மோதப் பார்த்தன. ஐபிஎம் உள்ளிட்ட கணினி நிறுவனங்கள், ஒன்றாக வராவிட்டால் இரண்டையும் ஏற்கமாட்டோம் என்று நெருக்கிய பிறகு ஒரே டிவிடி பிறந்தது. 2005இல் மறுபடி பேசினார்கள், இம்முறை ஒத்துவரவில்லை. தகவல் தட்டுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருப்பது என்பதில் இரு பக்கமும் பிடியை விடவில்லை. டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழம் என்றால் பழைய ஆலைகளைச் சிறிது மாற்றி அச்சடிக்கலாம் என்றது தோஷிபா. 0.1 மில்லிமீட்டர் என்றால் லேசரை இன்னும் நுண்மையாகக் குவித்து அதிகம் பதியலாம் என்றது சோனி. அந்த அரை மில்லிமீட்டருக்காக இரண்டு ஆண்டுகள் மக்கள் தவறான கருவியை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நமக்கு மட்டும் பொருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வென்றது எல்லோருக்கும் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். புளூ-ரேயில் மண்டலப் பூட்டு உண்டு. சிங்கப்பூர் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். டிவிடியிலும் இப்படியே: நாம் 3, இந்தியா 5. சென்னையிலிருந்து வாங்கிவரும் தட்டு இங்குள்ள கருவியில் ஓடாமல் போகலாம். பூட்டுப் போடாமல் வெளியிட்ட தமிழ்ப் படங்களும் உண்டு என்பதால், உறையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தோற்றுப்போன எச்டி டிவிடியில் மண்டலமே கிடையாது. இந்தியாவிலிருந்து படம் வாங்கிச் சிங்கப்பூரில் பார்க்கும் நம்மைப் போன்ற குடும்பத்துக்கு அதுதான் வசதியாக இருந்திருக்கும்.

கடைசியாக, தோற்ற தட்டுகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள். சித்தப்பா வீட்டில் அன்று கருவிகளைத்தான் முதலில் பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போட எடுத்து வைத்தார்கள். கருவி போய்விட்டால் தட்டு வெறும் பிளாஸ்டிக். விசிடியைப் பெரும்பாலான டிவிடி கருவிகள் படிக்கும். எச்டி டிவிடியைச் சாதாரண டிவிடி கருவியோ புளூ-ரே கருவியோ படிக்காது. தட்டுகளின் நிலையைப் பார்த்து முடிக்கும்வரை எந்தக் கருவியையும் வெளியே அனுப்பாதீர்கள்.

கல்யாண விசிடிகளை முதலில் கவனியுங்கள். கடைப் படங்கள் ஆலையில் அச்சடிக்கப்பட்டவை. கல்யாண விசிடியோ பெரும்பாலும் சாயப் பூச்சுள்ள பதிவுத் தட்டில் எழுதப்பட்டது. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்திப் பாதுகாப்போம்; ஆனால் விசிடியில் தகவல் இருப்பது பெயர் எழுதிய மேல்பக்கத்தை ஒட்டி, மெல்லிய பூச்சு ஒன்றின் கீழே. அங்கே கூரான பேனாவால் எழுதுவதும் ஒட்டுத்தாளைப் பிய்ப்பதும்தான் பெரிய சேதம். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். கணினியில் போட்டால் ‘டாட்’ என்று முடியும் கோப்புகள் தெரியும். அவற்றை அப்படியே நகலெடுங்கள். படத்தைப் பெரிதாக்குகிறேன் என்று மாற்றிச் சேமித்து மூலத்தை அழித்துவிடாதீர்கள். ஒரு கருவி படிக்கவில்லை என்பதற்காகத் தட்டு செத்துவிட்டதாக முடிவுகட்டவும் வேண்டாம். சித்தியின் கல்யாண விசிடியில் இரண்டாம் தட்டு என் மடிக்கணினியில் தாலி கட்டும் இடத்துக்கு முன்பே நின்றுவிட்டது. சித்தப்பாவின் பழைய டிவிடி கருவியில் இறுதிவரை ஓடியது. இப்போது அதன் நகல் மூன்று வீடுகளில் இருக்கிறது.

தோஷிபா கருவியும் டிரான்ஸ்ஃபார்மரோடு பொங்கோல் வீட்டுக்குப் போயிருக்கிறது. பதினொரு தட்டுகளையும் போட்டுப் பார்த்தோம். ஒன்பது ஓடுகின்றன.