பூனைக்கு வீட்லயே ஐவர்மெக்டின் ஊசி போடாதீங்க
பாண்டில தெருப்பூனைக்கு சொறி வந்து காது ஓரமெல்லாம் பொருக்கு தட்டிப்போச்சுன்னா பாவம் பாத்து ஐவர்மெக்டின்ங்கிற ஒட்டுண்ணி மருந்து பாட்டில் வாங்கி நாமளே போட்றலாம்னு தோணும், ப்ளீஸ் வேணாம். கடைல கிடைக்கிற 1% மருந்து ஆடு மாட்டுக்கானது, 1 மில்லில 10 மில்லிகிராம் இருக்கும். 3 கிலோ பூனைக்கு டாக்டர் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்னு சொன்னா மொத்தமே 0.06 மில்லி தாங்க, சாதா 2 மில்லி சிரிஞ்சுல அத அளக்கவே முடியாது, ஒரு சொட்டு கூடினா டோஸ் கிட்டத்தட்ட டபுள். குட்டிங்களுக்கு இன்னும் ஆபத்து. குரும்பாபேட் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு தூக்கிட்டு போங்க, எடை பாத்து போடுவாங்க. ஏற்கனவே போட்டுட்டீங்க, கண்ணு பாப்பா விரிஞ்சு தள்ளாடுது, நடுங்குதுன்னா காத்திருக்காம உடனே ஓடுங்க, இதுக்குன்னு தனி மாத்துமருந்து கிடையாது, பாட்டிலயும் கையோட எடுத்துட்டு போங்க.