எடை குறைக்கத் தண்ணீர் குடிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

என் சித்தி ஒன்றரை வருடமாகத் தினமும் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, பெரிய டம்ளர் நிறைய வெந்நீரில் அரை எலுமிச்சை பிழிந்து, இரண்டு பெரிய ஸ்பூன் தேன் கலந்து குடித்து வந்தார். எடை குறையவில்லை. சொல்லப்போனால் ஒரு கிலோ கூடியிருந்தது. "ஒரு நாள் தவறாம குடிக்கிறேனே, ஏன் இறங்கவே மாட்டேங்குது?" என்று கேட்டபோது அவர் முகத்தில் அவ்வளவு சோர்வு. அவருடைய முயற்சியில் எந்தக் குறையும் இல்லை. அவருக்குக் கிடைத்த யோசனைதான் தவறு. அதையே நம்பி இன்னும் எத்தனையோ பேர் விடியற்காலையில் அடுப்பு பற்ற வைக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வெந்நீர் கொழுப்பைக் கரைக்கும் என்பது கேட்டவுடன் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு பிடித்த வாணலியில் வெந்நீர் விட்டால் பிசுக்கு விட்டுப் போகிறது; உடம்பிலும் அப்படித்தான் நடக்கும் என்று தோன்றும். ஆனால் நாம் குடிக்கும் நீர் தொப்பையில் இருக்கும் கொழுப்பைத் தொடுவதே இல்லை. கொழுப்பு இரைப்பைக்குள் கிடப்பதில்லை. தோலுக்கு அடியிலும் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் செல்களுக்குள் சேர்ந்திருக்கிறது. உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி. எவ்வளவு சூடாகக் குடித்தாலும் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அந்த நீரும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். சேர்ந்த கொழுப்பு குறைய வேண்டுமென்றால் உடம்பே அதை எடுத்துச் செலவழிக்க வேண்டும். சாப்பிடுவது செலவைவிடக் குறைவாக இருந்தால்தான் உடம்பு அந்தச் சேமிப்பில் கை வைக்கும். சீரகத் தண்ணீர், வெந்தயத் தண்ணீர், சோம்புத் தண்ணீர் எல்லாம் இதே கணக்குதான். ருசிக்காகவோ வயிற்றுக்கு இதமாக இருக்கிறது என்றோ தாராளமாகக் குடிக்கலாம், கொழுப்பைக் கரைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

சித்தியின் விஷயத்தில் தேன்தான் பெரிய சிக்கல். ஒரு பெரிய ஸ்பூன் தேன் என்பது சுமார் 20 கிராம். அதில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. இரண்டு ஸ்பூனுக்கு 120. ஒரு மாதத்துக்கு 3,600. ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று கணக்குச் சொல்வார்கள். அப்படியானால், எடை குறைக்கும் மருந்து என்று நினைத்துக் குடித்ததே ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய அரைக் கிலோ கொழுப்புக்கான கலோரியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. தேன் இயற்கையானது என்பது உண்மை. ஆனால் உடம்பு அதைச் சர்க்கரையாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

வெந்நீருக்கு நேர் எதிராக, ஐஸ் தண்ணீர் குடித்தால் கலோரி எரியும் என்று சொல்பவர்களும் உண்டு. இதற்குப் பின்னால் ஓர் ஆய்வும் இருக்கிறது. 2003-ல் ஜெர்மனியில் 14 பேருக்கு அரை லிட்டர் தண்ணீர் கொடுத்துப் பார்த்ததில், சிறிது நேரம் உடம்பின் ஆற்றல் செலவு 30 சதவீதம் வரை கூடியதாகச் சொன்னார்கள். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. பள்ளிக்கூட இயற்பியலை வைத்து நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் ஃப்ரிட்ஜ் தண்ணீரை 37 டிகிரிக்குச் சூடாக்க உடம்புக்கு 30 கலோரி போதும். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டீ குடித்தால் அது மொத்தமும் திரும்பி வந்துவிடும், அதற்கு மேலும் வரும்.

சரி, அப்படியென்றால் தண்ணீருக்கு எடை குறைப்பில் வேலையே இல்லையா? இருக்கிறது. தண்ணீரில் கலோரி கிடையாது. ஆகவே கலோரி உள்ள ஒன்றின் இடத்தை அது பிடிக்கும்போதுதான் எடையில் பலன் தெரியும். மற்ற எதையும் மாற்றாமல், கூடுதலாக மூன்று லிட்டர் குடிப்பதால் பெரிதாக எதுவும் நடக்காது. நான் பார்த்தவரையில் அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான்.

சித்தியிடம் ஒரு நாளில் என்னென்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். காலையில் அந்தத் தேன் தண்ணீர். பிறகு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. வெயில் காலத்தில் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு ரோஸ் மில்க் அல்லது கரும்புச்சாறு. ஐந்து டீயில் மட்டும் 50 கிராம் சர்க்கரை, அதாவது 200 கலோரி, பால் தனி. 2,000 கலோரி சாப்பிடுபவர் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு. டீயிலேயே அந்த வரம்பு முடிந்துவிட்டது. பாட்டில் குளிர்பானம் இன்னும் மோசம்: 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. பழச்சாறும் இந்த விஷயத்தில் நல்லதில்லை. இரண்டு மூன்று பழத்தின் சர்க்கரை ஒரே டம்ளரில் இறங்கும், நார் மட்டும் சக்கையோடு போய்விடும். இளநீர் பரவாயில்லை, ஒரு டம்ளரில் 40 கலோரிபோலத்தான் இருக்கும். ஆனால் அதையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

அடுத்து, எப்போது குடிப்பது என்பது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 55 முதல் 75 வயதுவரை உள்ள 48 பேரைக் குறைந்த கலோரி உணவில் வைத்து, அதில் ஒரு பகுதியினரை மட்டும் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். 12 வாரம் கழித்து, குடித்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு கிலோ அதிகமாகக் குறைந்திருந்தார்கள். 2010-ல் வெளியான ஆய்வு இது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உடல் பருமன் உள்ள 84 பேரிடம் செய்து 2015-ல் வெளியிட்டதில் வித்தியாசம் 1.3 கிலோ. அங்கே சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் குடிக்கச் சொன்னார்கள். அதிசயம் என்று சொல்ல முடியாது. ஆனால் காசு செலவில்லாமல் மூன்று மாதத்தில் ஒன்றிரண்டு கிலோ என்பது நல்ல உதவிதான். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: வர்ஜீனியாவில் எல்லோருமே உணவையும் குறைத்திருந்தார்கள். இளம் வயதினருக்கு இந்த முறையில் அந்த அளவு பலன் தெரியவில்லை என்றும் பார்த்திருக்கிறார்கள். அதற்காகச் சாப்பாட்டையே விட்டுவிட்டுத் தண்ணீரை நிரப்பிக்கொள்வது இன்னொரு தவறு. இரைப்பை தண்ணீரைச் சீக்கிரம் கீழே அனுப்பிவிடும். ஒரு மணி நேரத்தில் முன்னைவிடப் பலமாகப் பசிக்கும், கைக்கு அகப்பட்டதை எல்லாம் சாப்பிடத் தோன்றும்.

சாப்பிடும்போது நடுவில் தண்ணீர் குடித்தால் செரிக்காது, தொப்பை போடும் என்ற பயமும் நம் வீடுகளில் பலமாக இருக்கிறது. ரசம் சாதமும் மோர் சாதமும் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பயம் தேவையே இல்லை. ரசம், மோர் இரண்டிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே! இரைப்பை தேவைக்கு ஏற்பச் செரிமான அமிலத்தைச் சுரந்துகொள்ளும். உண்மையில் உணவோடு கலந்திருக்கும் நீருக்குத்தான் பசியை அடக்கும் சக்தி அதிகம். 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 24 பெண்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரே பொருள்களால் ஆன உணவை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: கெட்டியாக, கெட்டியாகச் செய்து பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு, அதே தண்ணீரைச் சேர்த்துச் சூப்பாக. சூப் குடித்தவர்கள்தான் அதன் பிறகு கணிசமாகக் குறைவாகச் சாப்பிட்டார்கள். டம்ளர் தண்ணீருக்கு அந்தப் பலன் வரவில்லை. நமக்கு இதைச் செய்ய சூப் பாக்கெட் எதற்கு? முதலில் ஒரு கிண்ணம் ரசமோ தெளிந்த பருப்புத் தண்ணீரோ குடிக்கலாம். சுரைக்காய், பூசணி, புடலங்காய், வெள்ளரி எல்லாம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். சாதத்தை ஒரு கரண்டி குறைத்துச் சுரைக்காய்க் கூட்டை இரண்டு கரண்டி கூட்டிப் பாருங்கள்.

எடை இயந்திரமும் தண்ணீரை வைத்து ஏமாற்றும். சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற பொருளாகச் சேமித்து வைக்கும்; அதில் ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். டயட் தொடங்கிய முதல் வாரம் இரண்டு கிலோ இறங்குவதில் பாதிக்கு மேல் இந்த நீராக இருக்கும். ஒரு கல்யாண விருந்துக்குப் போய் வந்த மறுநாள் ஒரு கிலோ ஏறினால் அதுவும் பெரும்பாலும் நீர்தான். பயந்துபோய்த் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

இன்னொரு பக்கம், கட்டாயப்படுத்திக் குடிப்பது ஆபத்து. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மணி நேரத்தில் சிறுநீரகம் வெளியேற்றக்கூடியது ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதற்கு மேல் மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். 2007-ல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் ஒரு வானொலி நடத்திய தண்ணீர் குடிக்கும் போட்டியில் கலந்துகொண்ட 28 வயதுத் தாய் ஒருவர் அன்றைக்கே இறந்துபோனார். சிறுநீரகக் கோளாறு, இதயப் பலவீனம் உள்ளவர்களும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது. மற்றவர்களுக்குத் தாகமும் சிறுநீரின் நிறமும் நல்ல வழிகாட்டி. வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும்.

சித்தியின் கதையில் ஒன்றைக் கடைசியில்தான் தெரிந்துகொண்டேன். அவர் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறார். காலை பத்து மணி முதல் இரவு எட்டரை வரை கடையில் தண்ணீரே குடிக்க மாட்டாராம். கழிப்பறை மேல் மாடியில். போனால் கேள்வி கேட்பார்கள். கதவுக்குத் தாழ்ப்பாளும் சரியில்லை. தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்கும் என்று, தொண்டை காயும்போது டீயை மட்டும் குடித்துச் சமாளித்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் தலைவலியும் அசதியும் சேர்ந்து, சமையல் ஆகும்வரை கையில் கிடைக்கும் முறுக்கும் மிக்ஸரும். இப்படிப்பட்டவரிடம் போய் மூன்று லிட்டர் குடியுங்கள் என்று சொல்வதில் என்ன நியாயம்? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. அது வந்த மாதிரி இதற்கும் யாராவது குரல் கொடுக்க வேண்டும்.

இப்போது தேனை விட்டுவிட்டார், டீ இரண்டாகக் குறைந்து அரை ஸ்பூன் சர்க்கரையில் நிற்கிறது. மதியம் சாப்பிடப் போகும்போது கழிப்பறைக்குப் போக முடியும் என்பதால், அதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிடுகிறார். உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ பெண்கள் வேலை செய்கிறார்கள் என்றால், நாளைக்குப் போனதும் அந்தக் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை பாருங்கள்.